எழுநூற்று இருபத்தாறில் பத்து

726 உட்கருக்கள், 10 தலைப்பிரட்டைகள். ஜான் கர்டன் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை இந்த இரண்டு எண்கள்தான். 1962-ல், முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே, அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவை இருக்கின்றன. இரை தின்னத் தொடங்கிவிட்ட தலைப்பிரட்டை ஒன்றின் குடற்சுவரிலிருந்து ஒரு செல்லை எடுக்க வேண்டும். அதன் உட்கருவை, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டை ஒன்றுக்குள் செலுத்த வேண்டும். பிறகு அந்த முட்டை வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை 726 முறை செய்தார். பத்து முறை, குறையேதும் இல்லாமல் நீந்தி இரை தேடும் தலைப்பிரட்டை கிடைத்தது. மீதி 716 வழியிலேயே நின்றுபோயின. சில முட்டைகள் பிளவுபடவே இல்லை. சில அரைகுறையாகப் பிளந்து நின்றன. சில கருவாகத் திரண்டு, உருக்குலைந்து மடிந்தன.

அந்தப் பத்து உயிரியலின் போக்கையே மாற்றின. ஆனால் கர்டனின் அறுபதாண்டு ஆய்வு வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அவரைக் கடைசிவரை விடாமல் பிடித்துவைத்திருந்தது வளராமல் போன அந்த 716-தான் என்று எனக்குப் படுகிறது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வேறோர் இடத்திலிருந்து தொடங்குவார்கள். 1949-ல் ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களில் கடைசி இடம். விஞ்ஞானியாகும் எண்ணம் இவனுக்கு இருக்கிறதாம், இப்போதிருக்கும் நிலையில் அது கேலிக்கூத்து, அவனுக்கும் நேரவிரயம், சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் நேரவிரயம் என்ற பொருளில் ஆசிரியர் அறிக்கை எழுதினார். அதன்பின் பள்ளியில் அவருக்கு அறிவியல் வகுப்பே கிடையாது. லத்தீனும் கிரேக்கமும் படித்தார். அந்த அறிக்கையைச் சட்டமிட்டுத் தன் மேசைக்கு மேல் மாட்டிவைத்திருந்தார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கதை உண்மைதான். ஆனாலும் அது இப்படி மட்டுமே பரவியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவமதிக்கப்பட்ட பையன் கடைசியில் ஜெயித்தான் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அவர் என்ன கேட்டார், எதற்காக அத்தனை ஆண்டுகள் அந்தச் சிறிய தவளை முட்டைமேல் குனிந்திருந்தார் என்பதைச் சொல்லாமலேயே முடிந்துவிடுகிறது.

அவர் கேட்ட கேள்வி பழையது. ஒரே ஒரு கருவுற்ற முட்டையிலிருந்து கண்ணும் குடலும் நரம்பும் தோலும் உண்டாகின்றன. ஒரு செல் குடலாகிவிட்டால் அது குடலாகவே இருந்து மடிகிறது, கண்ணாக மாறுவதில்லை. இது எப்படி நடக்கிறது? ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விளக்கம் சொன்னார். அது நம் ஊர்ப் பாகப்பிரிவினையைப் போன்றது. முட்டையிடம் முழுச் சொத்தும் இருக்கிறது. செல்கள் பிரியப் பிரிய ஆளுக்கொரு பங்காகப் போய்விடுகிறது. குடலுக்குக் குடலின் பங்கு, கண்ணுக்குக் கண்ணின் பங்கு. வழிவழியாகக் கைமாறுவதற்காக இனப்பெருக்கச் செல்கள் மட்டும் முழுச் சொத்தையும் வைத்துக்கொள்கின்றன. அன்றைய அறிவுக்கு இது மிகவும் பொருத்தமான விளக்கமாகவே தெரிந்திருக்கும். பிரித்த சொத்து மறுபடி சேராது. குடல் செல் கண்ணாக முடியாததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது என்று 1938-ல் ஹான்ஸ் ஸ்பெமன் எழுதினார். வளர்ந்த செல் ஒன்றின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்துப் பார்க்கலாம். அதைச் செய்து பார்க்கும் கருவிகள் அன்று இல்லாததால், கற்பனைக்கெட்டாத பரிசோதனை என்ற பொருளில்தான் அவரே அதைக் குறிப்பிட்டார். 1952-ல் பிலடெல்ஃபியாவில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் இருவரும் வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளையில் அதைச் செய்துகாட்டினார்கள். மிக இளம் கருவின் உட்கருவை முட்டை ஏற்றுக்கொண்டது. கரு சற்று முதிர்ந்ததும் ஏற்க மறுத்தது. வளர்ச்சிப் பாதையில் ஏதோ ஒன்று திரும்பப் பெற முடியாதபடி மாறிவிடுகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கையில் இருந்த சான்றுக்கு நேர்மையான முடிவு அது.

கர்டன் இந்தத் துறைக்கு வந்தது நேர்வழியில் அல்ல. சிறுவயதிலிருந்தே கம்பளிப்பூச்சிகள்மேல் மோகம். பள்ளியிலும் அவற்றைத் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் மொழிகளுக்காகத் தேர்வு எழுதியவர், விலங்கியலுக்கு மாறிப் படித்தார். பூச்சியியலில் முனைவர் பட்டம் செய்ய விரும்பினார். அங்கே இடம் கிடைக்கவில்லை. கருவியல் கற்பித்துக்கொண்டிருந்த மிகயீல் ஃபிஷ்பெர்க் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். 1956-ல் ஆய்வு மாணவரானார். ஃபிஷ்பெர்க் கொடுத்த வேலை, பிரிக்ஸும் கிங்கும் செய்ததை இன்னொரு தவளையில் செய்துபார்ப்பது.

அந்தத் தவளை தென்னாப்பிரிக்க நகத்தவளை. அது ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் பெண்களின் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பிணியின் சிறுநீரை அதற்கு ஊசியில் ஏற்றினால் ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். சிறுத்தைத் தவளைக்குப் பருவம் வரக் காத்திருக்க வேண்டும். இது ஹார்மோன் ஊசி போட்டால் எந்த மாதத்திலும் முட்டை தரும். ஏறக்குறைய ஓராண்டில் முதிர்ந்து இனப்பெருக்கத்துக்கும் தயாராகிவிடும். கிடைத்த குட்டி பெரிதாகி, அதற்கும் குட்டி பிறக்கிறதா என்றுவரை பார்த்துவிடலாம். ஒரு மாணவனின் ஆய்வுக் காலத்துக்குள் அடங்கக்கூடிய ஆயுள்.

ஆனால் அந்த முட்டையைச் சுற்றியிருக்கும் கூழ்ப்படலம் ஊசியை உள்ளே விடாது. அதை உரித்தெடுப்பதும் பெரும்பாடு. முட்டையின் சொந்தக் குரோமோசோம்களை அழிப்பதற்காகப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தபோது, அதே கதிர் கூழையும் இளக்கிவிட்டது. ஒரே வீச்சில் இரண்டு தடைகள் விலகின. மூன்றாவதாக ஓர் அடையாளம் தேவைப்பட்டது. முட்டையின் சொந்த உட்கரு அழியாமல் தங்கி, அதுவே வளர்ந்திருக்குமோ என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும். அதே ஆய்வகத்தில் ஒரு விசித்திரத் தவளை கண்ணில் பட்டிருந்தது. வழக்கமாக இந்த இனத்தின் செல்லில் இரண்டு உட்கருமணிகள் தெரியும். அந்தத் தவளையின் செல்களில் ஒன்றுதான். அதன் வழித்தோன்றல்களிலிருந்து உட்கருவை எடுத்து, சாதாரணத் தவளையின் முட்டையில் வைத்தால் போதும். பிறக்கும் குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் ஒரே மணி இருந்தால், அது யார் வீட்டுப் பிள்ளை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதிர்ஷ்டம் என்று சிலர் இதைச் சொல்வார்கள். தவளை, கதிர், அடையாளம் மூன்றும் தற்செயலாகவே வந்தன என்பது சரி. ஆனால் கண்ணாடிக் குழாயை இழுத்து நுண்ணிய ஊசியாக்கி, உட்கரு சிதையாமல் செல்லின் மேற்படலம் மட்டும் கிழியும் அளவுக்கு உறிஞ்சி, முட்டை சாகாமல் உள்ளே விட்டு ஊசியை உருவுவதைத் தற்செயல் செய்துகொடுக்காது. அது கைப்பழக்கம். கர்டன் அந்தக் கைப்பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் தலைவராகவும், 2004 முதல் தன் பெயரையே தாங்கிய ஆய்வு நிறுவனத்தின் மூத்தவராகவும் இருந்த காலத்திலும், நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து தானே ஊசி போட்டார். பெரிய ஆய்வகங்களின் தலைவர்கள் பலர் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதிலேயே மூழ்கிவிடும் காலத்தில் இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கண்முன்னே முட்டை சாவதைப் பார்க்கிறவருக்குத்தான் அது ஏன் சாகிறது என்ற கேள்வி ஓயாமல் இருக்கும்.

1962-ல் முடிவுகளைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. துறையின் முன்னோடிகளான பிரிக்ஸும் கிங்கும் ஒன்று சொல்ல, நேற்று வந்த மாணவன் வேறொன்று சொன்னால் யாரை நம்புவார்கள்? கர்டன் வாதத்தில் இறங்காமல் தவளைகள் வளரக் காத்திருந்தார். ஜெனீவாவுக்குப் போன ஃபிஷ்பெர்க் தவளைகளையும் கொண்டுபோனார். 1966-ல், குடல் செல்லின் உட்கருவிலிருந்து உருவானவை முழுத் தவளைகளாகி, அவற்றுக்கும் குட்டிகள் பிறப்பதைக் கர்டனும் ஊலிங்கர் என்ற ஆய்வாளரும் சேர்ந்து அறிவித்தார்கள். கண், நரம்பு, தோல், விந்து, முட்டை எல்லாவற்றுக்குமான செய்தியும் அந்தக் குடல் செல்லுக்குள் இருந்திருக்கிறது. பாகம் பிரிக்கப்படவே இல்லை. ஒவ்வொரு செல்லும் முழுப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறந்துவைத்திருக்கிறது.

உலகம் இதிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் குடியேறியிருந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், தவளை ஆய்வுகளை அறிந்தவுடனேயே, சிறந்த மனிதர்களை நகலெடுக்கும் வாய்ப்பைப் பற்றிப் பேசினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் படியாக்கம் என்றால் மனித நகல்தான் என்று நாவல்களும் திரைப்படங்களும் பழக்கிவிட்டன. ஒரு மனிதனை இன்னொருவனாகப் பிறப்பிக்கும் ஆசையில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. கர்டனின் கண் வேறு திசையில் இருந்தது. உடலின் எந்தச் செல்லும் தொடக்கத்துக்குத் திரும்ப முடியும் என்றால், பழுதான உறுப்புக்கு மாற்றுச் செல்களை அந்த உடலிலிருந்தே வளர்த்தெடுக்க முடியும். இன்று விளம்பரங்களில் ஸ்டெம் செல் என்று அடிபடும் குருத்தணுக்களின் மேல் உலகம் வைத்திருக்கும் நம்பிக்கை இங்கிருந்துதான் கிளைக்கிறது.

அந்த 716-க்கு வருகிறேன். பத்திரம் முழுதாக இருக்கிறதென்றால், ஏன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தோற்கின்றன? கர்டன் முதலில் செய்தது, தோற்றவற்றிடமே திரும்பிப் போனது. நின்றுபோகப்போகும் கருவிலிருந்து உட்கருவை எடுத்து, இன்னொரு புது முட்டையில் வைத்தார். இரண்டாம் முறையில் அவற்றில் சில நன்றாக வளர்ந்தன. ஆக, முதல் முறையில் தோற்றதற்குச் செய்தி தொலைந்துபோனது காரணமில்லை. வேறு இடையூறுகள் இருந்திருக்கின்றன. ஒன்று நேரம் சம்பந்தப்பட்டது. தவளை முட்டை முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். குடல் செல்லோ நிதானமாகப் பிரிகிற வாழ்க்கைக்குப் பழகியது. திடீரென்று அவசரக்கார முட்டைக்குள் வந்து விழுந்தால், தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்து முடிப்பதற்குள் பிளவு வந்துவிடுகிறது, குரோமோசோம்கள் அறுந்துபோகின்றன.

1970-களில் வளர்ந்த தவளையின் தோல் செல்லை வைத்து முயன்றார். உடன் ரான் லாஸ்கி என்ற ஆய்வாளர். தலைப்பிரட்டைகள் கிடைத்தன. இதயம் துடித்தது, கண்கள் அமைந்தன. ஆனால் ஒன்றுகூடத் தவளையாகவில்லை. தலைப்பிரட்டையின் செல்லிலிருந்து தவளை வரும். தவளையின் செல்லிலிருந்து தலைப்பிரட்டையோடு சரி. இந்த எல்லையை அவரே வெளிப்படையாக எழுதினார். தன் பெயருக்குப் பெருமை சேர்த்த கண்டுபிடிப்பு எங்கே நின்றுபோகிறது என்று ஊருக்குச் சொல்வது எளிதல்ல. இந்தத் துறையில் அப்படிச் சொல்லாதவர்களின் கதையும் இருக்கிறது. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் 2004-லும் 2005-லும் படியாக்கம் வழியே மனிதக் குருத்தணுக்களை எடுத்துவிட்டதாக அறிவித்து நாட்டின் நாயகனானார். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் விசாரணையில் அவை புனைவு என்று தெரியவந்து, 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தீராத நோயோடு காத்திருந்தவர்கள் அந்தச் செய்தியை எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இடையில் இன்னொன்றும் செய்தார். அதன் பயன் பிற்பாடுதான் தெரிந்தது. 1971-ல் முயலின் ஹீமோகுளோபினுக்கான எம்.ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். செல்லுக்குள் போன மாத்திரத்தில் நொதிகள் அதைச் சிதைத்துவிடும் என்றே எதிர்பார்க்கலாம். தவளைச் செல் சளைக்காமல் முயலின் புரதத்தைத் தயாரித்துக்கொடுத்தது. வெளியிலிருந்து வரும் தூதுச் செய்தியை உயிருள்ள செல் படித்து நடத்தும் என்று அன்று தெரிந்தது.

பாலூட்டிகளில் மட்டும் கதவு திறக்கவில்லை. 1984-ல், எலிகளில் முயன்று தோற்ற மெக்ராத், சோல்ட்டர் இருவரும், உட்கருவை மாற்றிவைக்கும் எளிய முறையில் பாலூட்டிகளைப் படியாக்குவது உயிரியல்ரீதியாக முடியாது என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் அதை மறுத்தவர்கள் இயன் வில்மட்டும் கீத் கேம்பலும். கேம்பல் பிடித்தது அந்த நேரப் பொருத்தத்தைத்தான். செல்லுக்குத் தீனியைக் குறைத்து, பிரிவதை நிறுத்தி ஓய்வுநிலைக்குக் கொண்டுவந்து, அதன்பின் முட்டைக்குள் வைத்தால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகும். ஆறு வயதுப் பெண் ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்கள். 277 முட்டைகளில் வைத்ததில் 29 கருவாகின. 1996 ஜூலை 5 அன்று ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் பிறந்தது. அதுதான் டாலி. தவளையில் கிடைக்காமலே போன முதிர்ந்த செல்லிலிருந்து முதிர்ந்த உடல், ஆட்டில் கிடைத்தது. டாலிக்கான பெருமையில் பெரும்பங்கு கேம்பலுடையது என்று வில்மட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கேம்பல் 2012 அக்டோபர் 5 அன்று இறந்தார். அந்த ஆண்டின் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டது மூன்று நாள் கழித்து. கர்டனின் பெயரையும் ஷின்யா யமனாக்காவின் பெயரையும் அந்த அறிவிப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேம்பலும் கூடவே நினைவுக்கு வருகிறார்.

யமனாக்கா பிறந்தது 1962-ல், அந்த 726 வெளியான அதே ஆண்டு. எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கி, கை ஓடாததால் ஆராய்ச்சிக்கு வந்தவர். முட்டைக்குள் ஏதோ ஒன்று பழைய உட்கருவைப் புதிதாக்குகிறது என்றால், அந்த ஏதோ ஒன்று எது என்று அவர் கேட்டார். 24 மரபணுக்களைப் பொறுக்கினார். கஸுதோஷி தகஹாஷி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து நான்கில் கொண்டுவந்து நிறுத்தினார். 2006-ல் அந்த நான்கும் எலியின் தோல் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பின. 2007-ல் மனிதச் செல்லையும். முட்டை வேண்டாம், கருவை அழிக்கவும் வேண்டாம். அறம் சார்ந்த ஒரு பெரிய சச்சரவு அதோடு தணிந்தது. படியாக்க ஆய்வைத் தான் கைவிட்டு இந்த வழிக்கு வருவதாக வில்மட்டே அறிவித்தார்.

ஆனால் யமனாக்காவின் முறையிலும் திரும்பி வரும் செல்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தடை அங்கேயும் இருந்தது. கர்டன் எழுபது வயதைக் கடந்தபின் அதையே தன் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். ரே கிட் இங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் கண்டது என்னை மிகவும் பாதித்தது. தசைச் செல்லின் உட்கருவிலிருந்து வளர்த்த தவளைக் கருக்களில், தசையாகவே ஆகாத இடங்களிலும் தசைக்கான மரபணு விழித்திருந்தது. 24 முறை செல் பிரிந்தபின்னும், இடையில் அந்த மரபணு வேலையே செய்யாமல் இருந்தும், தான் தசையாக இருந்தது அதற்கு மறக்கவில்லை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒரு வகை அந்த நினைவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபின் அந்த 716-ஐத் தோல்வி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. நம் கல்லீரல் எழுபது, எண்பது ஆண்டுகள் கல்லீரலாகவே இருப்பது இந்தப் பிடிவாதத்தால்தான். செல்கள் எளிதில் தம்மை மறந்து தொடக்கத்துக்குத் திரும்பக்கூடியவையாக இருந்தால் நாம் உயிரோடு இருக்கவே முடியாது. யமனாக்காவின் நான்கில் ஒன்று, புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. முழுதாகத் திரும்பிவிட்ட செல்லை அப்படியே உடலில் வைத்தால் கட்டியாக வளரும். நோயாளியின் உடலுக்குள் போவதற்குமுன் அதை விழித்திரையாகவோ நரம்பாகவோ வளர்த்து, திரும்பாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 2014-ல் ஜப்பானின் கோபே நகரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் கண்ணில் மசயோ தகஹாஷியின் குழு வைத்தது அவருடைய தோலிலிருந்தே அப்படி வளர்த்த விழித்திரைப் படலம். பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. மேலும் மங்காமல் நின்றது. அதற்கே எத்தனை ஆண்டு எச்சரிக்கை! நம் நகரங்களில் ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லி எல்லா நோய்க்கும் தீர்வு விற்கிறவர்களிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் பெற்றோருக்கு இந்த நிதானத்தை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கர்டன் 2025 அக்டோபரில், 92 வயதில் காலமானார். அவர் துரத்திய தடையைப் பற்றி இன்று கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஹிஸ்டோன்களில் ஒட்டியிருக்கும் ஒரு வேதிக்குறி மரபணுக்களை இறுக மூடிவைக்கிறது. அதை நீக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஷாங்காயில் 2018-ல் அறிவிக்கப்பட்ட ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற குரங்குக்குட்டிகள் அந்த அறிவால் பிறந்தவை. நொதியை உண்டாக்கும் எம்.ஆர்.என்.ஏ.வை முட்டைக்குள் ஊசியில் செலுத்தினார்கள். 1971-ல் கர்டன் திறந்த அதே வழி. பிறவாத குட்டியின் செல்களிலிருந்து 79 கருக்களை 21 தாய்க் குரங்குகளில் வைத்ததில் அந்த இரண்டும் கிடைத்தன. வளர்ந்த குரங்கின் செல்களிலிருந்து 181 கருக்களை 42 தாய்களில் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, இரண்டும் பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிட்டன.